புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதா? உப்புநீர்த் தொட்டியில் வெள்ளைப்புள்ளியும் வெல்வெட்டும்

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. சென்னையில் 300 லிட்டர் உப்புநீர்த் தொட்டி, வைத்து நான்கு மாதம் ஆகிறது. இரண்டு கோமாளி மீன்கள், ஒரு சிக்ஸ்லைன் ராஸ், ஒரு கிளீனர் இறால், சில பவளங்கள். மூன்று வாரம் முன்பு வாங்கி நேரே உள்ளே விட்ட பவுடர் ப்ளூ டாங் என்ற மீனின் மேல் தூள் உப்பைத் தூவியதுபோல் புள்ளிகள் வந்தன. கடையில் சொன்னபடி ஹீட்டரை 32 டிகிரிக்கு ஏற்றி, நீல மருந்தை ஊற்றினீர்கள். நான்காம் நாள் புள்ளிகள் போய்விட்டன. ஒரு வாரம் கழித்து முன்பைவிட அதிகமாகத் திரும்பி வந்திருக்கின்றன. ஒரு கோமாளி மீன் இரண்டு நாளாகப் பம்பின் முன்னால் நின்று வேகமாக மூச்சு வாங்குகிறது. மருந்து வேலை செய்ததா, இனித் தொட்டியிலேயே காப்பர் (செம்பு கலந்த மருந்து) போடலாமா என்று கேட்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, இது என்ன நோய். இன்னொன்று, பவளத் தொட்டியைத் தொந்தரவு செய்யாமல் இதைத் தீர்க்க முடியுமா. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: மீன்களை வெளியே எடுக்காமல் தீர்க்க முடியாது. அந்தத் தொட்டியில் காப்பர் போடவே கூடாது. முதல் கேள்விக்கு, டாங்குக்கு வந்திருப்பது உப்புநீர் வெள்ளைப்புள்ளி நோய் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்வேன். கோமாளி மீனுக்கும் அதேதானா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. எனக்கு அதிகக் கவலை அந்த மீனைப் பற்றித்தான்.

நான் மீன்வளம் படித்தவன். பதினைந்து வருடங்களுக்கு மேலாக உப்புநீர்த் தொட்டிகளை அமைத்துப் பராமரித்து வருகிறேன். மீனை நேரில் பார்க்காமல், படத்தையும் உங்கள் வரிகளையும் மட்டும் வைத்துச் சொல்லும் பதில் இது.

வெள்ளைப்புள்ளிக்குக் காரணம் கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்ற ஒருசெல் ஒட்டுண்ணி. நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு புள்ளியும், மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து திசுவைத் தின்று கொழுத்துக்கொண்டிருக்கும் ஓர் உயிரி. அது மீனின் மேல் தங்குவது மூன்றிலிருந்து ஏழு நாள் வரைதான். வயிறு நிறைந்ததும் பெரும்பாலும் இருட்டு வேளையில் தோலைவிட்டு வெளியேறி, மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுக்குள் பிரிந்து பிரிந்து, ஒன்றிலிருந்து இருநூறு குஞ்சுகள் வரைகூட உருவாகலாம். சில கூடுகள் மூன்றே நாளில் வெடிக்கும், சில பல வாரம் கிடக்கும். வெளியே வரும் குஞ்சு ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லையென்றால் செத்துவிடும். இப்போது உங்கள் நாட்குறிப்பைப் பாருங்கள். நான்காம் நாள் புள்ளிகள் மறைந்தது மருந்தால் அல்ல. ஒட்டுண்ணி தின்று முடித்து இறங்கிப் போன நாள் அது. ஒரு வாரம் கழித்துத் திரும்பியது அதன் அடுத்த தலைமுறை. மருந்து எதுவும் போடாமல் இருந்திருந்தாலும் இதே நாட்களில்தான் மறைந்து இதே நாட்களில்தான் வந்திருக்கும். கடையில் சொன்னவர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. புள்ளி மறைவதைப் பார்த்துப் பார்த்து, இது வேலை செய்கிறது என்று அவரும் நம்பியிருப்பார்.

அந்த அறிவுரை வந்த இடம் நன்னீர்த் தொட்டி. நன்னீர் மீன்களுக்கு வரும் வெள்ளைப்புள்ளி பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் வேறொரு ஒட்டுண்ணி, உறவில்கூடத் தூரத்து உயிரி. நன்னீரில் வெப்பத்தை ஏற்றி உப்புப் போட்டால் அதைப் பெரும்பாலும் அடக்கலாம். கடல் ஒட்டுண்ணிக்கு உப்பு பிறந்த வீடு. 32 டிகிரி வெப்பமும் அதைக் கொல்வதில்லை. மீனுக்குத்தான் அதனால் கெடுதல். 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், கடல்நீரால் 6.7தான் முடியும். 30 டிகிரிக்குப் போனால் அது 6.2 ஆகக் குறைகிறது. செவுளில் ஒட்டுண்ணி உட்கார்ந்திருக்கும் மீனுக்கு மூச்சுக்காற்றையும் குறைத்துவிடுகிறோம். நீல மருந்து மெத்திலீன் ப்ளூவாகத்தான் இருக்கும். அது தோலுக்கு அடியில் இருப்பதைத் தொடாது, ஆனால் லைவ் ராக் என்ற கடற்பாறையில் குடியிருந்து அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவைப் பாதிக்கும்.

அதனால் கோமாளி மீனுக்கு நோயின் பெயரைச் சொல்லும் முன், இன்றே அம்மோனியாவைச் சோதித்துப் பாருங்கள். வெப்பம், ஆக்சிஜன் குறைவு, அம்மோனியா மூன்றும் சேர்ந்தாலே ஒரு மீன் பம்பின் முன்னால் போய் நிற்கும். ஹீட்டரைச் சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் 26க்கு இறக்குங்கள். ஏர் ஸ்டோன் ஒன்று போடுங்கள். மீதமுள்ள நீலத்தை எடுக்க ஃபில்டரில் கார்பன் வையுங்கள். அம்மோனியா பூஜ்யம், வெப்பமும் இறங்கிவிட்டது, அப்படியும் மீன் மூச்சு வாங்குகிறது என்றால் அடுத்து வெல்வெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

வெல்வெட் நோய்க்குக் காரணம் அமைலூடினியம் ஒசெல்லேட்டம் என்ற இன்னொரு ஒருசெல் ஒட்டுண்ணி. இதற்கும் வெள்ளைப்புள்ளி உயிரிக்கும் பெயர் வைத்தவர் ஒருவரே. லண்டனில் பிரௌன் என்ற ஆய்வாளர் இதை 1931இலும் மற்றதை 1951இலும் விவரித்தார். இரண்டும் மீனில் ஏறி, இறங்கி, பெருகி, மறுபடி ஏறும். ஆனால் வெள்ளைப்புள்ளி மீனை வாரக் கணக்கில் இழுத்தடிக்கும், வெல்வெட் நாள் கணக்கில் முடித்துவிடும். ஒன்றிலிருந்து 256 வரை பெருகும். முதலில் பிடிப்பது செவுளை. உடம்பில் பொன்தூள் பூசியதுபோல் மங்கலான படலம் தெரியும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். பல மீன்கள் அந்தப் படலம் தெரியாமலே இறந்துபோகின்றன. வெளிச்சத்துக்குக் கூசுவது, பம்பின் ஓட்டத்தில் போய் முகத்தை வைத்துக்கொள்வது, இரை எடுக்காமல் விடுவது, வாயைத் திறந்தபடி மூச்சு வாங்குவது ஆகியவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தாலே நான் புள்ளிக்காகக் காத்திருப்பதில்லை.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் நல்லதல்ல. தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம் ஒருவர் வீட்டுத் தொட்டியில் ஏழு மீன்கள். புள்ளிகளைப் பார்த்ததும் வெள்ளைப்புள்ளி என்று முடிவு கட்டி, உப்பைக் குறைக்கும் வைத்தியத்தைத் தொடங்கினேன். வெல்வெட்டுக்கு உப்புக் குறைவு ஒரு பொருட்டே இல்லை என்று படித்திருந்தும் அது நினைவுக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் காலை ஏழும் போயிருந்தன. செவுளைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது பழுப்பு நிறத்தில், அசையாமல், பேரிக்காய் வடிவத்தில் நூற்றுக்கணக்கில் தெரிந்தன. முதல் நாளே பார்த்திருக்க வேண்டியதைக் கடைசி நாள் பார்த்தேன். அன்றிலிருந்து புள்ளியைப் பார்ப்பதற்கு முன்னால் மூச்சை எண்ணுகிறேன். செவுள் மூடி நிமிடத்துக்கு எத்தனை முறை திறக்கிறது என்று, மீன் நலமாக இருக்கும் நாளிலேயே எண்ணி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் அந்தக் கணக்கு இல்லாததால், நன்றாக இருக்கும் மற்ற கோமாளி மீனோடு ஒப்பிடுங்கள். ஓய்வாக இருக்கும்போது நூறைத் தாண்டினால் அதை அவசரமாக எடுத்துக்கொள்வேன்.

கோமாளி மீன் என்பதால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். புரூக்ளினெல்லா என்று ஓர் ஒட்டுண்ணி இருக்கிறது, கோமாளி மீன் நோய் என்றே அதற்குப் பட்டப்பெயர். இதில் தனித்தனிப் புள்ளி இருக்காது. உடம்பு முழுக்க வெண்மையான சளி கட்டி, தோல் உரிவதுபோல் இழை இழையாகத் தொங்கும். இதற்குக் காப்பரை நம்ப முடியாது, ஃபார்மலின் குளியலுக்குத்தான் கேட்கும். கடையில் கிடைக்கும் 37 சதவீதக் கரைசலில் 10 லிட்டர் உப்புநீருக்கு 1.5 மில்லி, பலமாகக் காற்று விட்டபடி, 30 முதல் 45 நிமிடம். மீன் தள்ளாடினால் உடனே எடுத்துவிட வேண்டும். நம் ஊர் வெயில் நாளில் இதற்கு மேல் போக மாட்டேன். ஃபார்மலின் உங்களுக்கும் ஆபத்தானது, புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில், குழந்தைகள் இல்லாத நேரத்தில் மட்டும் தொடுங்கள். அடியில் வெண்படிவு தேங்கிய பாட்டிலைப் பயன்படுத்தவே வேண்டாம்.

பயப்பட வேண்டாத புள்ளிகளும் உண்டு. துடுப்பின் ஓரத்தில் காலிஃபிளவர் போலச் சிறு கட்டி, பல வாரமாக அதே இடத்தில் இருந்தால் அது லிம்ஃபோசிஸ்டிஸ் என்ற வைரஸ். மருந்து இல்லை, நல்ல நீரும் நல்ல இரையும் இருந்தால் பெரும்பாலும் தானாகப் போகும். வெள்ளைப்புள்ளியோ சில நாளுக்கொருமுறை இடம் மாறும். உங்கள் டாங்கில் போய்த் திரும்பி வந்திருப்பதுதான் எனக்குப் பெரிய சாட்சி.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை நன்னீர்க் குளியல். குளோரின் இல்லாத ஆர்.ஓ. தண்ணீரைத் தொட்டியின் வெப்பத்துக்கும் பி.எச். அளவுக்கும் கொண்டுவந்து, காற்று விட்டு, கோமாளி மீனை ஐந்து நிமிடம் அதில் விடுங்கள், பக்கத்திலேயே நின்று பார்த்தபடி. தட்டைப்புழு இருந்தால் வெளுத்து எள்விதைபோல் அடியில் விழும். அப்போது பிராசிகுவாண்டல் என்ற புழு மருந்து வேண்டும். வெல்வெட்டாக இருந்தால் ஒரு பகுதி உதிர்ந்து மீனுக்கு ஓரிரு நாள் மூச்சு இலகுவாகும். வெள்ளைப்புள்ளி தோலுக்கு அடியில் இருப்பதால் இதில் அசையாது. எதுவாக இருந்தாலும் இது முழு வைத்தியம் அல்ல, அவகாசம் வாங்கித் தருவது. சாதாரண மாணவர் மைக்ராஸ்கோப் ஒன்று நண்பர்கள் யாரிடமாவது இருந்தால், மீனின் பக்கத்திலிருந்து சளியை மெல்ல வழித்து நூறு மடங்கில் பாருங்கள். உருண்டையாகச் சுழன்றுகொண்டிருந்தால் வெள்ளைப்புள்ளி, இதய வடிவில் மெதுவாக ஊர்ந்தால் புரூக்ளினெல்லா.

இனி வைத்தியம். நான்கு மீன்களையும் எடுக்க வேண்டும், நன்றாக இருக்கும் ராஸையும் சேர்த்து. மீன் ஒன்று உள்ளே இருந்தாலும் ஒட்டுண்ணிக்கு வீடு இருக்கிறது. நூறு லிட்டர் அளவில் ஒரு வெற்றுக் கண்ணாடித் தொட்டி போதும். மணல் வேண்டாம், பாறை வேண்டாம், ஒளிந்துகொள்ளப் பி.வி.சி. குழாய்த் துண்டுகள், ஸ்பான்ஜ் ஃபில்டர், ஏர் பம்ப், மின்சாரம் போனால் ஓட ஒரு பேட்டரி ஏர் பம்ப். இதைப் பெரிய தொட்டியிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி வையுங்கள், வெல்வெட் நீர்த்திவலைகளில்கூடத் தாவும். வலை, கை, துணி எதையும் ஈரத்தோடு இரண்டு தொட்டிக்கும் பொதுவாக்காதீர்கள். இத்தகைய புதுத் தொட்டியில் மீன் நோயால் சாவதைவிட அம்மோனியாவால் சாவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தினமும் சோதித்து, தேவைப்பட்டால் நீரை மாற்றுங்கள். மாற்றும் நீரிலும் காப்பரை அதே அளவுக்குக் கலந்தே ஊற்ற வேண்டும். அம்மோனியாவைக் கட்டிப்போடும் திரவங்களைக் காப்பரோடு சேர்க்க வேண்டாம், சில வகைக் காப்பர் அதனால் மீனுக்கே நஞ்சாகிவிடும்.

வெல்வெட் சந்தேகம் இருக்கும்வரை உங்களுக்கு நான் சொல்லும் மருந்து காப்பர்தான், வெள்ளைப்புள்ளி வெல்வெட் இரண்டையும் அது பிடிக்கும். தோலுக்குள் இருப்பதை அது தொடாது, மீனைத் தேடி நீரில் நீந்தி வரும் குஞ்சுகளைக் கொல்லும். அதனால்தான் ஒருநாள்கூட அளவு குறையாமல் வைத்திருக்க வேண்டும். மீன்களுக்கென்று விற்கும் பிணைத்த காப்பர் என்றால் லிட்டருக்கு 2.25 முதல் 2.5 மில்லிகிராம். சாதாரணக் காப்பர் சல்பேட் என்றால் 0.15 முதல் 0.20தான். இந்த இரண்டு எண்களையும் குழப்பிக்கொண்டால் மீன் அன்றே போய்விடும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மயில்துத்தம் காப்பர் சல்பேட்தானே என்று பலர் கேட்கிறார்கள். ஆமாம், ஆனால் அதன் எடையில் கால் பங்குதான் காப்பர், தூய்மைக்கும் உத்தரவாதம் இல்லை. நூறு லிட்டருக்கு வேண்டியது 60 மில்லிகிராம், விரல் நுனியில் ஒட்டும் அளவு. கண்மதிப்பில் யாராலும் போட முடியாது. தூய ரசாயனம் கிடைத்தால் ஒரு கிராமை 250 மில்லி ஆர்.ஓ. நீரில் கரையுங்கள், ஒரு மில்லியில் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் காப்பர் இருக்கும், நூறு லிட்டருக்கு 15 மில்லி. அப்படியே என்றாலும் சோதனைக் கருவி இல்லாமல் தொடங்காதீர்கள். சொட்டு மருந்துச் சோதனையில் நீலத்தின் சாயலைப் பார்த்து அளவு சொல்வது எனக்கே கஷ்டம். எண் காட்டும் டிஜிட்டல் கருவி வாங்க முடிந்தால் வாங்குங்கள், பிணைத்த காப்பருக்கும் சாதாரணக் காப்பருக்கும் கருவி வேறு வேறு என்பதைக் கேட்டு வாங்குங்கள்.

வெறும் வெள்ளைப்புள்ளி என்றால் இரண்டு மூன்று நாளில் படிப்படியாக அளவை ஏற்றுவேன், ராஸ் வகை மீன்களுக்கு அது நல்லது. வெல்வெட் என்றால் அந்த அவகாசம் இல்லை, நன்னீர்க் குளியல் கொடுத்து அன்றே ஏற்றிவிடுவேன். முழு அளவில் 14 நாள் வைத்துச் சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்றலாம், அல்லது அதே தொட்டியில் 30 நாள். பவளமும் இறாலும் இருக்கும் தொட்டியில் ஏன் கூடாது என்றால், இறாலும் பவளமும் இந்த அளவுக் காப்பரைத் தாங்காது. பாறையும் மணலும் காப்பரை உறிஞ்சி அளவைக் குறைக்கும், பிறகு அதை நீருக்குள் திரும்ப விடவும் செய்யும்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்து வெள்ளைப்புள்ளி மட்டும்தான் என்று தெரிந்துவிட்டால், டாங்குக்கு மருந்தில்லாத வழியையே நான் தேர்ந்தெடுப்பேன். 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மீனை முழுக்கச் சுத்தமான, புது உப்புநீர் நிரப்பிய தொட்டிக்கு மாற்றுவது, மொத்தம் நான்கு முறை, 12 நாள். விழுந்த கூடுகள் வெடிக்கும் முன் மீன் இடம் மாறிவிடுகிறது. உழைப்பும் உப்பும் அதிகம், மீனுக்குச் சிரமம் குறைவு. உப்பை ஆயிரத்துக்கு 15–16 அளவுக்கு இறக்கி நான்கு வாரம் வைக்கும் முறையும் உண்டு. அதற்கு உப்பை அளக்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டர், அளவு சரிபார்த்தது வேண்டும். ஆனால் மிகக் குறைந்த உப்பிலும் பெருகும் வகைகள் தைவானில் பதிவாகியிருக்கின்றன. எனவே இதை நான் முதல் தேர்வாக வைப்பதில்லை. மலேரியா மாத்திரையான குளோரோகுயினை இடித்துப் போடுவதும் வேண்டாம். தொட்டியின் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கக்கூடும், எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று வீட்டில் அளக்க வழியில்லை.

இதுவரை சொன்னவற்றில் எனக்குப் பெரிய ஐயம் இல்லை. இனி வருவதில் உண்டு. பூண்டு கலந்த இரை நோயைத் தீர்க்கும் என்பார்கள். மீன் இரையைத் தொட அது தூண்டலாம், அதற்கு மேல் நம்பத்தக்க ஆதாரம் நான் பார்த்ததில்லை. கிளீனர் இறால் தோலுக்கு அடியில் இருப்பதைக் கொத்தி எடுத்துவிடாது. யு.வி. விளக்கு நீரில் நீந்தும் குஞ்சுகளின் எண்ணிக்கையைக் குறைக்கும், தொட்டியைச் சுத்தமாக்காது. காப்பர் டாங்கின் குடலில் வாழும் நுண்ணுயிர்களைக் கொல்கிறது என்பது பரவலான பேச்சு. குடலில் அவை வாழ்வது உண்மை, காப்பர் அவற்றை அழிக்கிறது என்பது எனக்குத் தெரிந்து நிறுவப்படவில்லை. நான் வைத்தியம் செய்த டாங்குகள் ஒரு மாதம் காப்பரில் இருந்து நன்றாகத் தின்றிருக்கின்றன. நோயைத் தாங்கிப் பிழைத்த மீனுக்குச் சில மாதம் ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருக்கும் என்பது சோதனைகளில் தெரிந்தது. அதை நம்பி, நல்ல இரை கொடுத்து, ஒட்டுண்ணியோடு வாழவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பழைய, அமைதியான, பெரிய தொட்டிகளில் அது நடப்பதைப் பார்த்திருக்கிறேன். நான்கு மாதத் தொட்டியில், அதுவும் இந்த நோய்க்குப் பேர்போன பவுடர் ப்ளூ டாங்கோடு, அதை முயல வேண்டாம் என்பேன். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: நாள் முழுக்க நீந்தித் திரியும் அந்த மீனுக்கு 300 லிட்டர் போதாது. குணமானபின் பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுக்க முடிந்தால் அது மீனுக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி.

பெரிய தொட்டி மீன் இல்லாமல் ஓடட்டும். பவளங்களும் இறாலும் அங்கேயே இருக்கலாம், அவற்றில் ஒட்டுண்ணி வளராது. இறாலுக்குக் கொஞ்சம் இரை போட்டுவந்தால் பாக்டீரியாவும் பிழைக்கும். ஆய்வகத்தில் ஒரு கூடு 72 நாள் கழித்து வெடித்ததாகப் பதிவு உண்டு, அதோடு சில நாள் சேர்த்து 76 நாள் என்று நான் வைத்துக்கொள்கிறேன். 27 டிகிரிக்கு மேல் ஓடும் தொட்டிக்கு ஆறு வாரமே போதும் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். அது சரியாக இருக்கலாம், ஆனால் இரண்டு மாதம் பாடுபட்டு எடுத்த மீனை அந்த நம்பிக்கையில் திருப்பி விட எனக்கு மனம் வரவில்லை. அந்த 76 நாளில் புது மீனோ, மீன் இருந்த தொட்டியின் பாறையோ பவளமோ உள்ளே போகக் கூடாது. கடைசி மீனை எடுத்த தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்குகிறது, டாங்கின் மேல் புள்ளி மறைந்த நாளிலிருந்து அல்ல.